இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம்

விமான நிலையத்தில் அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது "சாப்பிட்டு வந்துடுறேன்" என்று எழுந்தால், "போக நாலு, வர நாலு, சாப்பிட பதினொண்ணு. பத்தொன்பதாவது நிமிஷம் நாற்காலில இருக்கணும்" என்பாள். சொன்னபடி வந்துவிட்டால் தலையை ஆட்டுவாள். வராவிட்டால் கடிகாரத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத் திட்டே மேல் என்று சாமான் ஏற்றுகிறவர்கள் சொல்வார்கள்.

நிலையம் பெரியதில்லை. ஒரே ஓடுபாதை, தகரக் கூரை போட்ட கூடம், பன்னிரண்டு நாற்காலி, எடை பார்க்கும் மேடை. ஊருக்கென்று ஒரு நல்ல ஆஸ்பத்திரி இருந்தது; சுற்றுவட்டாரத்தில் அறுவை சிகிச்சை செய்ய டாக்டர் இருக்கும் இடம் அது ஒன்றுதான். அவள் வேலை பார்த்த கம்பெனியிடம் மூன்று சிறிய விமானங்கள். அதில் ஒன்றில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர் வைக்கலாம். விமானம் கிளம்புவதற்கு முன்னால் தூரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், எண்ணெய் எத்தனை லிட்டர், எத்தனை மணிக்குப் போய் இறங்கும் என்று கணக்குப் போட்டு விமானியின் கையில் கொடுப்பது அவள் வேலை. பதினான்கு வருஷம். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, அச்சடித்து, கேப்டனிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் கொட்டாவி விட்டு எழுந்திருக்கவே ஏழு நிமிஷம் ஆகும். அதற்குள் நிமிஷக்கா மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். பிறகு காகிதம் வெளியே வரும்போது அதே எண் இருக்கும். புதிதாக வருகிற விமானிகளை அழைத்துவந்து இதைக் காட்டுவார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பழக்கம்" என்பாள். உள்ளுக்குள் இனிக்கும்.

அன்றைக்குப் புதன்கிழமை. மாலை மூன்று ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

"மேடம், ப்ளேன் வேணும் மேடம். எங்க மாமா கால் மேல லாரி இறங்கிடுச்சு."

குரலில் மூச்சு வாங்கியது. ஆள் எங்கேயோ ஓடிவந்து நின்று பேசுகிறான் என்று தெரிந்தது. அவள் பதறவில்லை. எந்த ஊர், ஆள் நினைவோடு இருக்கிறாரா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்காவின் புருஷன், லாரி மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஜாக்கி நழுவிவிட்டது. முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. அந்த ஊரில் ஒரு நர்ஸ் மட்டும்தான். இன்றைக்குள் பெரிய டாக்டர் கையில் சேர்த்தால்தான் கால் தப்பும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சாலை வழியாகப் போனால் பன்னிரண்டு மணி நேரம். அதிலும் நடுவில் பாலம் உடைந்து கிடந்தது.

"உங்க ஊர்ல ரன்வே இருக்குல்ல?"

"இருக்கு மேடம். செவ்வாயும் வெள்ளியும் ஒரு ப்ளேன் வரும். இன்னிக்கு இல்ல."

அந்த ஓடுபாதை அவளுக்குத் தெரியும். விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்தபின் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. அன்றைக்குச் சூரியன் மறைவது ஆறேகாலுக்கு. ஆறு மணிக்குள் போய் இறங்கினால் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். திரும்பி வந்து இறங்க இங்கே விளக்கு இருக்கிறது.

தூரம் எவ்வளவு? அவள் மேஜைக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டியல் இருந்தது. பதினெட்டு வழித்தடங்களின் தூரம். அதில் இந்த ஊர் இல்லை. இரண்டுமே கண்காணாத ஊர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் பறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. போகிறவர்கள் தலைநகரத்தைச் சுற்றித்தான் போவார்கள். அவள் இன்டர்நெட்டில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் அடித்தாள். ஊருக்கு ஊர் வானத்தூரம் சொல்லும் ஒரு பக்கம் திறந்தது. பெரிய எழுத்தில் 393 என்று இருந்தது.

விமானத்தின் வேகம் மணிக்கு நூற்று அறுபத்தைந்து. வகுத்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"தம்பி, வந்து சேர ரெண்டு மணி இருபத்து மூணு நிமிஷம் ஆகும். ஸ்ட்ரெச்சர் மாட்டி, எண்ணெய் ஊத்திக் கிளம்பவே நாலரை நெருங்கிடும். அங்க வர்றதுக்குள்ள இருட்டிடும்."

"வேற வழியே இல்லையா மேடம்?"

"இல்லப்பா."

"இன்னொரு தடவ பாருங்களேன் மேடம்."

"பாத்துட்டேன். காலைல வெளிச்சம் விழுந்ததும் முதல் வேலையா அனுப்புறேன். கால அசைக்க விடாதீங்க. நர்ஸ் சொல்றபடி கேளுங்க."

"இன்னிக்கு வராதாம்" என்று அவன் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு "சரி மேடம்" என்றான்.

பக்கத்து அறையில் நெட்டை கேப்டன் முகத்தில் செய்தித்தாளை மூடிக்கொண்டு படுத்திருந்தார். காலையிலிருந்து இரண்டு முறை பறந்துவிட்டு வந்த அலுப்பு. அவள் எட்டிப் பார்த்தாள். எழுப்பி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது. முடியாததற்கு எதற்கு மனுஷனின் தூக்கத்தைக் கெடுப்பது என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரில் கணக்கைப் போடவும் இல்லை. இன்றைக்குத்தான் போகவில்லையே.

மறுநாள் விடியும்போதே கேப்டன் விமானத்துக்குள் தன்னை மடக்கித் திணித்துக்கொண்டிருந்தார். அவர் உயரத்துக்கு அந்த விமானம் சின்னப் பிள்ளையின் சட்டை மாதிரி. நிமிஷக்கா ஜன்னலோரம் நின்று காற்றின் விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே இருந்த கருவியில் ஊரைத் தட்டினார்.

"இருநூத்திப் பன்னெண்டு மைல். ஒரு மணி பதினேழு நிமிஷம்" என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு கிட்டவா இருக்கு அது? நேத்தே போய்க் கூட்டிட்டு வந்திருக்கலாமேக்கா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. அடுத்த நொடி புரிந்தது.

விமானங்களின் வேகத்தைக் கடல்மைலில்தான் சொல்வார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பதினெட்டுத் தூரங்களும் கடல்மைல். ஒரு கடல்மைல் என்பது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். பதினான்கு வருஷமாகக் கடல்மைலையே பார்த்துப் பார்த்து, எண் என்றாலே அதுதான் என்று அவள் கண்ணுக்குப் பழகிவிட்டது. அந்தப் பக்கம் சொன்ன 393 கிலோமீட்டர். நேற்று நான்கு இருபதுக்குக் கிளம்பியிருந்தால் ஐந்து முப்பத்தேழுக்கு அங்கே இறங்கியிருக்கலாம். அதற்குப் பிறகும் பொழுது சாய முப்பத்தெட்டு நிமிஷம் இருந்தது.

கேப்டன் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேட்டா கூப்பிட்டாங்க கேப்டன்" என்றாள்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். நினைத்துச் சொல்லவில்லை. கல் தடுக்கினால் கை தானாக முன்னால் நீளுமே, அந்த மாதிரி வந்தது. அவர் "ப்ச்" என்று உச்சுக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். விமானத்தின் விசிறி சுழன்றது. அவள் கூடத்துக்குத் திரும்பி வந்து அந்த இன்டர்நெட் பக்கத்தை மறுபடி திறந்தாள். 393க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே 212 கடல்மைல் என்றும் இருந்தது. ஒரே ஒரு வரி கீழே.

மெக்கானிக்கை எட்டரைக்கு மேல் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓடுபாதை வரைக்கும் போயிற்று. அவள் கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. கண்ணாடி வழியாக ஸ்ட்ரெச்சரையும் அதன் கூடவே ஓடிய ஒரு பெண்ணையும் பார்த்தாள். மதியம் செய்தி வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேற்று இரவுக்குள் வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

மூன்றாவது நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் துவைத்து மடித்த துண்டுகள். விமானக் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று நிமிஷக்கா சொன்னதுதான் தாமதம், அவள் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ப்ளேன் அனுப்புன அக்கா நீங்கதானா? உங்க புண்ணியத்துல உசுரோட இருக்காருக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

"இல்லம்மா, நான்..."

"எல்லாம் என் தம்பி பண்ணதுக்கா. ப்ளேன் ஓட்டுறவரே சொன்னாரு, கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா அன்னிக்கே வந்திருப்போம்னு. பாவம், மனசு கேக்காமத்தான் சொன்னாரு. இவன் என்ன பண்ணியிருக்கான், லாரியத் தூக்குறேன், ஆளக் கூட்டிட்டு வர்றேன்னு முக்கா மணி நேரம் அங்கயும் இங்கயும் ஓடியிருக்கான். அப்புறம்தான் போன் பண்ணணும்னு தோணியிருக்கு. ஜாக்கிய வச்சதும் அவன்தான். இனிமே அவன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

நிமிஷக்கா கையை விடுவித்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லாதம்மா. அவர் மேல தப்பு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க பெரிய மனசோட சொல்றீங்க."

வராந்தாவின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒருவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். ஊரிலிருந்து பாலம் சுற்றிச் சாலை வழியாக வந்திருப்பான் போல. அக்கா திரும்பிப் பார்ப்பாளா என்று அவன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் "இன்னொரு தடவ பாருங்களேன்" என்றவன் இவன்தான் என்று நிமிஷக்காவுக்குத் தெரிந்தது. அவனைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

வீட்டில் புருஷனிடம் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று. அவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். கேட்டுவிட்டுக் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தத் தம்பிகிட்டயாவது சொல்லிடேன்."

"சொன்னா வேலை போயிடும்."

"போகட்டும்னு சொல்ல எனக்கும் தைரியம் வரல. ஆனா நீ சோத்தப் பெசைஞ்சுகிட்டே உக்காந்திருக்க. அதையும் பாக்க முடியல."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அலுவலகத்தில் மனக்கணக்கை விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். நிமிஷக்காவுக்கு வயசாகிவிட்டது என்று கிண்டல் செய்தார்கள். சிரித்து வைத்தாள்.

இதற்கிடையில் மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது. மெக்கானிக்கை அழைத்து வந்த பேச்சு இரண்டு ஊரிலும் பரவியிருந்தது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே வாரம் ஒரு விமானம் விட்டால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களே நிறையப் பேர் என்று வியாழக்கிழமைதோறும் ஒரு சேவை ஆரம்பித்தார். கண்ணாடிச் சட்டத்தைத் திறந்து பட்டியலில் பத்தொன்பதாவது வழித்தடத்தை எழுதச் சொன்னார். "உன் கையெழுத்துதான் அழகா இருக்கும்" என்றார். அவள் 212 என்று எழுதினாள். பயண நேரம் ஒரு மணி பதினேழு நிமிடம் என்று எழுதினாள். அதற்குப் பின் வியாழன் வந்தாலே அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று.

மெக்கானிக்கின் மனைவி அவ்வப்போது தொலைபேசியில் பேசுவாள். புண் ஆறிவிட்டது, ஊன்றுகோலில் நடக்கிறார், செயற்கைக் காலுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள் என்று சொந்தத் தங்கை மாதிரி எல்லாம் சொல்வாள். கடைசியில் தவறாமல் "உங்கள மறக்க மாட்டோம்க்கா" என்பாள். நிமிஷக்கா ஒவ்வொரு முறையும் வாயெடுப்பாள். அடுத்த தடவை, நேரில் பார்க்கும்போது, அவர் நடக்க ஆரம்பித்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

எட்டாவது மாதத்தில் ஒரு நாள் மெக்கானிக் மனைவியின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி ஊரை விட்டுப் போயிட்டான்க்கா. போன வாரம் பெட்டியோட வந்து வாசல்ல நின்னான். கதவத் திறக்கல நான். அவரு திறன்னு சொன்னாரு. நான் விடல. ரொம்ப நேரம் நின்னுட்டுப் போயிட்டான்."

"எங்க போனாரு?"

"தெரியாது. போனையும் மாத்திட்டான்."

நிமிஷக்கா தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பயணியாக விமானத்தில் ஏறினாள். நெட்டை கேப்டன் திரும்பிப் பார்த்து, "என்னக்கா, அதிசயமா இருக்கு! கணக்கு சரியான்னு பாக்க வர்றியா?" என்றார். மற்றப் பயணிகளும் சிரித்தார்கள். கீழே காடும் கரட்டு மலையும் ஆறும் போயின. உடைந்த பாலம்கூட ஓரிடத்தில் தெரிந்தது. சரியாக ஒரு மணி பதினேழாவது நிமிஷம் சக்கரம் தரையில் பட்டது. விமானம் திரும்பக் கிளம்ப ஐம்பது நிமிஷம் இருந்தது.

பட்டறை ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. தகரக் கொட்டகை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண், சக்கரம் இல்லாமல் கட்டைகளின் மேல் நின்ற ஒரு லாரி. மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் ஒரு பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கக் கால்சட்டை மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. மனைவி அவளைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"அக்கா! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க! உக்காருங்க, காபி போடுறேன்."

"வேணாம்மா. நீயும் உக்காரு. ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. கிலோமீட்டர் என்றும் கடல்மைல் என்றும் குழறினாள். மனைவி ஒன்றும் விளங்காமல் இவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். மெக்கானிக் பம்பைக் கீழே வைத்துவிட்டு அழுக்குத் துணியில் கையைத் துடைத்தான்.

"இஞ்ச் ஸ்பானர எடுத்து மில்லிமீட்டர் நட்டுல போட்ட மாதிரி" என்றான்.

"ஆமா."

"அப்ப அன்னிக்கே ப்ளேன் வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம். உங்க மச்சான் ரெண்டு தடவ கெஞ்சிக் கேட்டாரு. நான்தான் பாத்துட்டேன்னு சொன்னேன். பாக்கல."

"கால் தப்பியிருக்குமா?"

"டாக்டர்கிட்ட கேட்டேன். உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா வாய்ப்பு இருந்துச்சுன்னாரு."

அவன் தலையை ஆட்டினான். ஒரு லாரி சாலையில் ஹார்ன் அடித்துப் போயிற்று. பழக்க தோஷத்தில் அதற்குக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"அளவு மாறிப்போறது யாருக்கும் நடக்கும் மேடம். நானே எத்தனை நட்ட நாசம் பண்ணியிருக்கேன். அத விடுங்க." துணியைக் கீழே வைத்தான். "லேட்டா கூப்பிட்டாங்கன்னு கேப்டன் சொன்னாரே. அது அவரா சொன்னதா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்ல. நான்தான் அவர்கிட்ட அப்படிச் சொன்னேன்."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"அது சரி, அன்னிக்குப் பயந்தீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே, அங்க என் மச்சான் குழாய்கிட்டயே நின்னான். மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படாம நின்னான். அவனப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் போனீங்க."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. மனைவிக்கு அப்போதுதான் முழுவதும் உறைத்தது போல. எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தம்பியின் பழைய எண்ணை அழுத்தினாள். காதில் வைத்துக் கேட்டாள். மறுபடி அழுத்தினாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்வது இவர்களுக்கும் கேட்டது. மூன்றாவது தடவையும் அழுத்தினாள்.

"வாசல்ல நின்னான்க்கா" என்றாள் நிமிஷக்காவைப் பார்த்து. "அக்கா, ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்னு நின்னான். நான் தாழ்ப்பாளப் போட்டுட்டு உள்ள நின்னேன்." பிறகு, "நீங்க போங்க" என்றாள். "தயவு பண்ணிப் போயிடுங்க. என் வாயில ஏதாச்சும் வந்துடும்."

திரும்பி வந்தபோது கேப்டன் இறக்கையின் நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொன்னாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பாட்டிலை மூடினார்.

"நான் என் வாயால அந்தம்மாகிட்ட சொன்னேனேக்கா. ஆறுதலா ஒரு வார்த்தை சொல்றதா நினைச்சுச் சொன்னேன். என்னை எழுப்பியிருக்கக் கூடாதா நீ?"

"எழுப்பியிருக்கணும்."

திரும்பும் வழியில் அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் நடந்ததையெல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "எட்டு மாசத்துக்கு அப்புறம் இத யாரு கேட்டா? கிழிச்சுப் போடவா?" என்றார். வேண்டாம் என்றாள். விசாரணை வந்தது. இரண்டு பேர் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். வேலை போகவில்லை, ஆனால் கணக்குப் போடும் மேஜையிலிருந்து அவளை எடுத்துவிட்டுப் பயணிகளின் பெட்டியை எடை பார்க்கும் இடத்தில் போட்டார்கள். நியாயம்தான் என்று புருஷனிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. பதினான்கு வருஷம் உட்கார்ந்த நாற்காலி அது.

மெக்கானிக்கின் மச்சானைத் தேடினாள். லாரிக்காரர்கள், உதிரிபாகக் கடைக்காரர்கள் என்று எடை மேடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் விசாரித்தாள். ஐந்து மாதம் கழித்துத் துறைமுகம் ஒன்றில் கன்டெய்னர் வண்டிகள் பழுது பார்க்கும் இடத்தில் அந்தப் பெயருள்ள ஒருவன் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. எண்ணை வாங்கினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்கு வெளியே வேலியோரம் போய் நின்று அழைத்தாள். தான் யாரென்று சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை குழறவில்லை. அவன் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்." இயந்திரச் சத்தம் தள்ளிப்போயிற்று. "நான் ரெண்டு தடவ கேட்டேன்ல உங்ககிட்ட? வேற வழி இல்லையா, இன்னொரு தடவ பாருங்கன்னு."

"ஆமா."

"மூணாவது தடவ கேட்டிருக்கணும்னு இவ்வளவு நாளும் நினைச்சுட்டு இருந்தேன். கேட்டிருந்தா வந்திருக்குமோன்னு. நம்மளால பேசத் தெரியல, படிச்சவன் பேசியிருந்தா அனுப்பியிருப்பாங்கன்னு."

"இல்லப்பா. நீங்க சரியாத்தான் பேசினீங்க."

"ஜாக்கி நான் வச்சதுதான் மேடம். அது இல்லன்னு ஆகாது."

"அக்காகிட்ட பேசுங்க. அன்னிக்கு என் முன்னாலயே உங்க பழைய நம்பருக்கு மூணு தடவ அடிச்சுப் பாத்தாங்க" என்றாள். "பாக்கலாம் மேடம், ஆள் கூப்பிடுறாங்க" என்று அவன் வைத்துவிட்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

செயற்கைக் காலைச் சரிபார்க்க மெக்கானிக் மாதம் ஒரு முறை வியாழக்கிழமை விமானத்தில் வந்து, மறு வாரம் திரும்பிப் போவான். மனைவி கூட வருவாள். ஆனால் கூடத்துக்குள் நுழைந்ததும் தூரத்து நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். நிமிஷக்காவின் போனில் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்து பல மாதம் ஆகிவிட்டது. மெக்கானிக்தான் பெட்டியைத் தூக்கி எடை மேடையில் வைப்பான். "ஒன்பது கிலோ" என்பாள் நிமிஷக்கா. அவன் சீட்டை வாங்கிக்கொண்டு போவான். அதைத் தாண்டி ஒரு பேச்சும் இருக்காது.

மழைக்காலம் முடிந்து வந்த ஒரு வியாழக்கிழமை, சீட்டை வாங்கிய பிறகும் அவன் நகராமல் நின்றான். பின்னால் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள்.

"மச்சான் போன் பண்ணான்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்காவும் தம்பியும் பேசினாங்க. பேசினாங்கன்னு சொல்ல முடியாது. இவ அழுதா, அவன் சும்மா இருந்தான். வர மாட்டேங்கிறான். அங்கயே பழகிடுச்சாம்."

"திரும்பக் கூப்பிட்டாரா?"

"மாசம் ஒரு தடவ பண்றேன்னிருக்கான். பாப்போம்."

அவன் புதுக் காலை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியை நோக்கி நடந்தான். நிமிஷக்கா அடுத்த ஆளின் பெட்டியை மேடைக்கு இழுத்து வைத்தாள். முள் ஆடி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.